காரிடாரில் நிற்பவர்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

ஃபோன் பண்ணினால் நீ எடுக்கமாட்டாய். அம்மா எடுத்து, “அவ குளிச்சிட்டிருக்கா” என்பாள். இருபத்து நாலு வருஷமாக நீ குளித்துக்கொண்டே இருக்கிறாய், இந்நேரம் கரைந்திருக்க வேண்டும். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன்னால் அடுத்த பாராவை மட்டுமாவது படித்துவிடு.

‘விடுபட்ட எண்கள்’ டிஸ்காக வருகிறது! நம்ம படம்! நான் எடுத்த ஒரே த்ரில்லர், நீ கேமரா பிடித்த கடைசிப் படம். நெகட்டிவ் கிடைத்துவிட்டது அக்கா. எப்போதோ மூடிய ஃபிலிம் லேபின் குடோனில், ஏதோ சோப்பு விளம்பரத்தின் பெயர் ஒட்டிய டப்பாக்களுக்குள் ஒன்பது ரீலும் பூஞ்சை பிடிக்காமல் இருந்திருக்கின்றன. செய்தி வந்த அன்று நான் ஆபீஸ் நாற்காலியில் ஏறி நின்று கத்தினேன். என் வயசுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

இத்தனை நாள் ஊரில் சுற்றிய வீடியோ கேசட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி அரை மணி நேரத்துக்குக் கரி பிடித்த பானைக்குள் தலையை விட்டுப் பார்த்த மாதிரி இருக்கும். வசனத்தை வைத்துத்தான் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்போது நெகட்டிவிலிருந்தே நேராக ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பின்னட்டைக்கு டிஸ்க் கம்பெனிக்காரர்கள் எழுதியிருப்பதைப் பார்:

“டெலிபோன் டைரக்டரி அச்சிடும் அலுவலகத்தில் பிழை திருத்துகிற ஒரு பெண். ஒவ்வொரு வருஷமும் சில எண்கள் காணாமல் போவதை அவள் கவனிக்கிறாள். அந்த எண்களுக்கு உரியவர்களும் காணாமல் போகிறார்கள். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவன் தன்னைத் தொடர்கிறான் என்கிறாள். வீட்டில் யாரும் நம்பவில்லை. அவள் கண்டது உண்மையா, மனப்பிரமையா?”

நன்றாகத்தானே இருக்கிறது? இத்துடன் சோதனை டிஸ்க் வைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால், ‘ஒளிப்பதிவாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிரதி’ என்று அட்டையில் போடுவார்கள். மார்ச் 25க்குள் வேண்டும். என்மேல் உள்ள கோபத்தைப் படத்தின்மேல் காட்டாதே.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கிறாள்?

வாண்டு

*

பிப்ரவரி 11

வாண்டுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். எதிர்வீட்டுப் பால்கனியில் காயும் துணிகளுக்கு இங்கிருந்தே பொத்தான் எண்ணுகிறாள்.

டிஸ்கைப் பார்த்தேன். வீட்டு டிவியில் ஒருமுறை, பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் எக்ஸ்ரே பிரிவின் மானிட்டரில் ஒருமுறை. அந்த மானிட்டரில் கறுப்புக்கும் அடுத்த கறுப்புக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று தெரியும். தெரியாவிட்டால் நான் இத்தனை வருஷமாக எலும்பு முறிவைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கையெழுத்துப் போடமாட்டேன். காரணம் சொல்கிறேன், கோபம் இல்லை.

ஒன்று, வெளிச்சத்தைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். பயந்து ஒளிகிற பெண் கல்யாண மண்டபத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறாள். அடுத்தது, யாரோ படத்தைக் ‘கழுவி’ இருக்கிறார்கள். ஃபிலிமில் பொடிப்பொடியாக ஒரு க்ரெயின் இருக்குமே, அதை அழுக்கு என்று நினைத்து மிஷினை விட்டுத் துடைத்திருக்கிறார்கள். முகமெல்லாம் மெழுகு. கதாநாயகியின் இடது கன்னத்தில் இருந்த அம்மைத் தழும்பு எங்கே? அந்தத் தழும்புக்காகவே நான் பக்கவாட்டில் லைட் வைத்தேன். அந்தப் பெண் அதைப் பார்த்து அழுதாள், “முதல்தடவையா என் மூஞ்சியே திரையில தெரியுது” என்றாள். அதை இப்போது வழித்துவிட்டார்கள்.

இன்னொரு கேள்வி. இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல். கடைசி ஷாட்டில், கதாநாயகியைப் பைத்தியம் என்று அழைத்துக்கொண்டு போன பிறகு, காலிக் காரிடார் நாற்பது விநாடி வருகிறது. அதன் கோடிக் கதவடியில் நின்றவர் எங்கே?

அக்கா

*

பிப்ரவரி 15

அக்கா,

நீ பதில் போட்டதே எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி. கடிதத்தை மூன்று முறை படித்தேன். மெழுகு விஷயத்தில் நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தழும்பு போனதை நான் கவனிக்கவே இல்லை, வெட்கமாக இருக்கிறது. கம்பெனியில் சொல்லிவிட்டேன்.

ஆனால் கடைசிக் கேள்வி எனக்குப் புரியவில்லை. காரிடாரில் யாரும் நிற்கவில்லையே? நன்றாக யோசித்துப் பார். ஸ்கிரிப்ட்படி கோட்டுக்காரன் அங்கே நிற்க வேண்டும். அந்த நடிகர் வேறு படத்துக்கு ஓடிவிட்டார். எனக்கு அன்று நூற்று மூன்று டிகிரி ஜுரம், தொண்டையில் குரலே இல்லை. ஒரு சீட்டில் “காலியாகவே எடுத்துவிடு அக்கா” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். நீ காலியாக எடுத்தாய். அதைத்தான் எல்லோரும் பெரிய முடிவு என்று எழுதினார்கள். ‘அங்கே யாருமே இல்லை, எல்லாம் அவள் பிரமை’ என்று நானும் ஊர் ஊராகப் பேட்டி கொடுத்தேன். படம் ஓடாவிட்டாலும் அந்த ஒரு ஷாட்டால்தான் எனக்கு இன்றுவரை பெயர்.

இல்லாத ஆளை இருந்ததாகச் சொல்கிறாய். தப்பாக நினைக்காதே, நம் கதாநாயகி பேசுகிற மாதிரியே இருக்கிறது. எக்ஸ்ரே அறையில் ரொம்ப நேரம் இருக்கிறாயோ? ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இங்கே வாயேன்.

வாண்டு

*

பிப்ரவரி 19

வாண்டு என்று கூப்பிடவே பிடிக்கவில்லை இப்போது.

அக்காவுக்குப் பைத்தியம் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டாய். சந்தோஷம். நம் கதாநாயகியின் அண்ணனும் இப்படித்தான், ஒரு வாரம் லீவு போடச் சொல்லி ஆரம்பித்தான்.

எழுதி வைத்துக்கொள். கேமராவிலிருந்து கதவு ஐம்பத்திரண்டு அடி. அங்கே நாற்பது வாட் பல்பு ஒன்று, கறுப்புக் காகிதத்தை மூன்று சுற்றுச் சுற்றி, ஊசியால் ஏழு ஓட்டை போட்டேன். அந்த ஏழு ஓட்டை வெளிச்சம் அவருடைய இடது தோளிலும் காதிலும் மட்டும் விழும். லைட் மீட்டரை அவர் காதுக்கு அருகில் வைத்து அளந்தது நான்தான். அவர் கூச்சப்பட்டுக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டார். இதெல்லாம் பிரமையில் வராது.

நான் ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறேன் என்று உனக்குத் தெரியாது. சொல்லியே விடுகிறேன். படம் வந்த அன்று “லைட்டைப் போடுங்கய்யா!” என்று தியேட்டரில் கத்தினார்கள். ‘ஒளிப்பதிவாளர் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிட்டார்’ என்று எழுதினார்கள். நான்காம் நாள் நீ பேட்டியில், “கேமரா எங்களைக் கைவிட்டுவிட்டது” என்றாய். எனக்கு வலித்தது அது மட்டும் இல்லை. நானும் அதை நம்பினேன். கடைசி வாரப் படப்பிடிப்பிலேயே எனக்கு மஞ்சள் காமாலை ஆரம்பித்திருந்தது. கண் மஞ்சளாக இருந்தபோது எடுத்த ஷாட்டுகள், அளவு தப்பிவிட்டது, நிற்க வைத்தவரைக்கூட இருட்டில் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன். என் கண்ணை நானே நம்பாமல் போன பிறகு எப்படிக் கேமராவைத் தொடுவது? அதனால்தான் விட்டேன். உன்மேல் கோபத்தில் விட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

நெகட்டிவ் கிடைத்தது என்று நீ எழுதியதும் நான் முதலில் நினைத்தது அவரைத்தான். அவர் நெகட்டிவில் இருந்தால் என் கண் சரி. இல்லை என்றால் நான் போட்டோகூட எடுக்க லாயக்கில்லாதவள். இரண்டில் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரே ஒரு காரியம் செய். டிஸ்கைப் பார்க்காதே. துடைப்பதற்கு முன்னால் எடுத்த ஸ்கேன் இருக்கும், அதைப் போடச் சொல். அறையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா உட்கார், கண் பழகட்டும். பிறகு ஓடவிட்டுப் பார். நடுவில் நிறுத்தாதே.

அக்கா

*

பிப்ரவரி 24

அக்கா! அக்கா! அக்கா!

இருக்கிறார்!

கை ஓடவில்லை, எழுத்து கோணலாக வந்தால் மன்னித்துக்கொள். இன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் கம்பெனி வாசலில் போய் நின்றுவிட்டேன். அங்கே படத்தைச் சீர்செய்கிறவருக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. நான் ‘இரட்டைக் கண்ணாடி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “மேடம், அந்த ஷாட்டை ஃப்ரேம் ஃப்ரேமா பாத்துட்டேன். ஆயிரம் ஃப்ரேம்ல ஒரு ஈகூட இல்ல” என்றார். நிறுத்திக் காட்டினார். உண்மைதான், வெறும் மணல் மாதிரிக் கறுப்பு. எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப நிம்மதி, மறைக்கமாட்டேன்.

பிறகு நீ சொன்னபடி ஜன்னல் திரையை இழுத்து, மானிட்டரைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து ஐந்து நிமிஷம் உட்கார்ந்தோம். அவர் கொட்டாவி விட்டார். ஓடவிட்டோம். பத்து விநாடி, ஒன்றும் இல்லை. இருபது, ஒன்றும் இல்லை. இருபத்தைந்து இருக்கும், அந்த இருட்டு கால் மாற்றி நின்றது! அக்கா, இருட்டு கால் மாற்றி நின்றது! இரட்டைக் கண்ணாடி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “அம்மாடி!” என்றார். தலையில் இருந்த கண்ணாடி கீழே விழுந்தது.

பார்க்கப் பார்க்க ஒரு தோள், ஒரு காது, கோட்டின் காலர். நிறுத்தினால் இல்லை, ஓடவிட்டால் இருக்கிறார்! க்ரெயின் ஆடுகிறபோது அதற்குள் ஆடாமல் நிற்கிற ஒன்று கண்ணுக்குத் தட்டுப்படுகிறது. அதனால்தான் மிஷின் அவரை அழுக்கு என்று துடைத்திருக்கிறது, ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தவரும் தவறவிட்டிருக்கிறார். பதினொரு தடவை பார்த்தோம். பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒவ்வொருவராக “ஐயோ” என்று கத்தக் கத்த எங்களுக்குக் குஷி தாங்கவில்லை.

உன் கண் சரி அக்கா. உன் கண் எப்போதுமே சரிதான்.

இன்னொன்றும் சரிந்துவிட்டது, கவனித்தாயா? அவர் அங்கே நிற்கிறார் என்றால் அவள் பைத்தியம் இல்லை! இருபத்து நாலு வருஷமாக நான் கொடுத்த பேட்டி எல்லாம் அபத்தம். எனக்கு வருத்தமே இல்லை, தலைகீழாகக் குதிக்கலாம் போலிருக்கிறது. இது நல்ல படம் அக்கா, நான் நினைத்ததைவிட நல்ல படம்.

யார் அது? கோட்டு நடிகர் இல்லை, அவர் குள்ளம். சீக்கிரம் எழுது. நான் இங்கே சோறு தண்ணி இல்லாமல் காத்திருக்கிறேன்.

உன் வாண்டு

*

பிப்ரவரி 28

வாண்டு,

கடிதத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துத்தான் படித்தேன். வெளியே கை ஒடிந்த ஒருவர் காத்திருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். “என்னம்மா, அவ்வளவு மோசமா ஒடிஞ்சிருக்கா?” என்று பயந்துவிட்டார் பாவம்.

இனி உட்கார்ந்து படி.

அது அப்பா.

நீ ஜுரத்தோடு போன பிறகு, மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். நீ ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இந்தப் படத்தில் இறங்கியதிலிருந்து உன்னோடு அவர் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். “அவ இல்லையே?” என்று உறுதி செய்துகொண்டுதான் உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய கோட்டைத் தடவிப் பார்த்தார். நடிகர் வரவில்லை என்றேன். “உயரம் என் உயரந்தான இருக்கும்?” என்றார். நான் புரியாமல் பார்த்தேன். அவரே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம்பா. சும்மா நிக்கணும்.”

“அதத்தான் முப்பது வருஷமா ஆபீஸ்ல பண்ணிட்டிருந்தேன்.”

போய் நின்றார். நாற்பது விநாடி மட்டும் இல்லை, ஆறு டேக். முட்டிவலிக்காரர், அதனால்தான் கால் மாற்றினார். நான் கட் சொன்ன பிறகும் நகராமல், “வேணும்னா இன்னொரு தரம்” என்றார். போகும்போது, “வாண்டுகிட்ட சொல்லாத. திரையில பாத்து அவளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் பேசிக்கிறேன் அவகிட்ட” என்றார்.

ரிலீஸ் அன்று அவரும் தனியாகப் போய் டிக்கெட் எடுத்துப் பார்த்தார். இதுவும் உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம், “எடுத்துட்டாளா?” என்று கேட்டார். தன்னை நீ பார்த்துவிட்டு வேண்டாம் என்று எடுத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டார். “நான்தாம்பா அளவு தப்பிட்டேன்” என்றேன். தலையை ஆட்டினார், நம்பினாரா தெரியாது. அதற்கடுத்த வருஷம் போய்விட்டார். உன்னிடம் எப்படிச் சொல்வது? ‘அப்பா உனக்காக வந்து நின்றார், நான் அவரை இருட்டில் தொலைத்துவிட்டேன்’ என்றா?

இப்போது பார்த்தால் நான் தொலைக்கவில்லை. நெகட்டிவில் இருக்கிறார். அப்படியானால் தியேட்டரில் ஏன் தெரியவில்லை? எனக்குக் காமாலை முற்றி நான் ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் பிரிண்ட் போட்டார்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்று லேபில் ஒரு சீட்டு எழுதி டப்பாவுக்குள்ளேயே போடுவார்கள். அந்தச் சீட்டுகளைப் பார்த்து எனக்கு எழுது. லேபில் எவன் என் படத்தைக் கரியாக்கினான் என்று தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன்.

அக்கா

*

மார்ச் 11

வாண்டு,

பதினொரு நாள் ஆயிற்று. சோறு தண்ணி இல்லாமல் காத்திருந்தவள் எங்கே போனாய்? அம்மாவுக்குக்கூட ஃபோன் பண்ணவில்லையாம். ஒரு சீட்டைப் பார்த்து எழுத இவ்வளவு நாளா? 25ஆம் தேதி நெருங்குகிறது. அப்பா விஷயத்தில் அழுதுகொண்டிருக்கிறாய் என்றால் அழு, நானும் அழுதேன். ஆனால் சீட்டு என்ன ஆயிற்று?

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

சீட்டுகளை அன்றே பார்த்துவிட்டேன். பார்க்காமலே எனக்குத் தெரியும். எழுதக் கை வரவில்லை.

கடைசி மூன்று ரீலுக்கும் ‘நான்கு புள்ளி இருட்டு’, அதாவது நீ எடுத்த அளவைவிட நாலு படி இருட்டாக்கச் சொல்லி எழுதியிருக்கிறது. கீழே கையெழுத்து லேபில் யாருடையதும் இல்லை. என்னுடையது.

ஏணி அக்கா. ஒரு பாழாய்ப்போன ஏணி. காரிடார் சுவரில் எண் பலகை கோணலாக இருக்கிறது என்று நானே ஏறிச் சரிசெய்துவிட்டு, ஏணியைத் தூணோரம் சாய்த்துவிட்டு மறந்துவிட்டேன். கடைசி மூன்று ரீலில் பதினொரு ஷாட்டில் அது நிற்கிறது. எடிட்டிங்கில்தான் பார்த்தேன்; கடைசி ஷாட்டையோ காலிதானே என்று உற்றுப் பார்க்கவே இல்லை. டைரக்டர் மறந்து வைத்த ஏணி என்று ஊர் சிரிக்குமே என்று அவமானமாக இருந்தது. நீ ஆஸ்பத்திரியில். உன்னைக் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டாய் என்றும் தெரியும். லேபுக்குப் போய், “கொஞ்சம் இருட்டாக்கிடுங்க, ஏணி தெரியக்கூடாது” என்றேன். லேப்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் செய்கிறேன் என்றார். போட்டேன். லேபின் சொந்த அரங்கில் புது பல்பு, திரையும் வெள்ளை வெளேர். ஏணி மறைந்து அழகாக இருந்தது. வெளியே தியேட்டர்களில் எல்லாம் பழைய பல்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் நாளே மூன்று தியேட்டரில் போய்ப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. நான்காம் நாள் அந்தப் பேட்டி. “ஏன் இவ்வளவு இருட்டு?” என்று நிருபர் கேட்டார். ‘நான்தான்’ என்று சொல்ல வாய் எடுத்தேன். வெளியே வந்தது வேறு. தெரிந்தேதான் சொன்னேன் அக்கா. உளறிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நீ கேமராவை விட்ட பிறகு, இனி சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உனக்கு உன் கண்ணே சந்தேகமாகிவிட்டது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? அதையும் சத்தியம் பண்ணத் தைரியம் இல்லை.

அப்பா எனக்காக வந்து நின்றார். ஏணியை மறைக்கிறேன் என்று அவரை நானே மூடினேன்.

சீட்டுகளின் நகல் வைத்திருக்கிறேன். நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

உன் தங்கை

*

மார்ச் 17

உன் கடிதம் நேற்று வந்தது. நேற்று எழுதியிருந்தால் இந்தக் காகிதம் எரிந்திருக்கும். அதனால் இன்று எழுதுகிறேன்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. இருபத்து நாலு வருஷம். ஒரு ஏணிக்கு! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தூண் பக்கம் மட்டும் நிழல் விழுகிற மாதிரி லேபில் செய்ய வழி இருந்தது. சிரித்துக்கொண்டே செய்துகொடுத்திருப்பேன். ஆயுசுக்கும் உன்னை ‘ஏணி’ என்று கூப்பிட்டிருப்பேன், அவ்வளவுதான். அதற்குப் பயந்து என் கையை உடைத்தாய். இதை இப்போதைக்கு மன்னிக்க என்னால் முடியவில்லை. முடிகிறபோது சொல்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்காதே.

ஆனால் ஒன்று. நேற்று அழுது முடித்த பிறகு பால்கனியில் போய் நின்றேன். தெருவிளக்கு, அதற்கடியில் சைக்கிள், சைக்கிள் மணியில் ஒரு பொட்டு வெளிச்சம். இதை எத்தனை அளவில் எடுக்கலாம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. எத்தனையோ வருஷமாக நான் அதைப் போடவிடாமல் அடக்கி வைத்திருந்தேன். தப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்தால் மனுஷிக்கு இவ்வளவு லேசாகிவிடுமா? உன்னைத் திட்டிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வருகிறது, இந்தக் கொடுமையை என்ன சொல்ல?

மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். வியாழன் காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து கட்டிப்பிடித்து நாடகம் போடாதே. நேராக அந்த இரட்டைக் கண்ணாடியிடம் அழைத்துப் போ. இந்த டிஸ்குக்கு நான்தான் அளவு சொல்வேன், நீ பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திரு.

என் நிபந்தனைகள்: தழும்பு திரும்ப வரவேண்டும். க்ரெயினை யாரும் தொடக்கூடாது. அப்பாவை வெளிச்சம் போட்டுக் காட்டக்கூடாது, தேடிப் பார்க்கிறவருக்குத் தெரிந்தால் போதும். நான் அன்று அளந்த அளவுதான். அப்புறம், ஏணி இருக்கும். இரட்டைக் கண்ணாடி அழித்துத் தருகிறேன் என்பார், விடமாட்டேன். பதினொரு ஷாட்டிலும் ஜம்மென்று நிற்கட்டும்.

டிஸ்கோடு வருகிற சின்னப் புத்தகத்தில் என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

அக்கா

*

ஜூன் 2

அக்கா,

டிஸ்க் வந்துவிட்டது! முதல் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். அட்டையில் உன் பெயர் என் பெயருக்கு மேலே. நான் கேட்டுப் போட வைத்தேன், கீழே போடச் சொல்லி மல்லுக்கு நிற்காதே. புத்தகத்தின் முதல் பக்கத்தில் சீட்டின் படம், என் கையெழுத்தோடு. அதற்குக் கீழே நான் எழுதியது: “இந்தப் படத்தின் இருட்டு என்னுடையது. வெளிச்சம் முழுக்க என் அக்காவுடையது.” கம்பெனிக்காரர், “மேடம், கொஞ்சம் மழுப்பி எழுதலாமே” என்றார். மழுப்பியதெல்லாம் போதும் என்றேன்.

இப்போது கூத்தைக் கேள். டிஸ்க்குகளின் படத்தரத்தை அலசி எழுதுகிற ஒருவர் இருக்கிறார், லேசில் யாரையும் பாராட்டாதவர். ‘இப்படிப்பட்ட கறுப்பை நான் வீட்டு டிவியில் பார்த்ததே இல்லை, கறுப்புக்குள் கறுப்பு உயிரோடு இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். நான் பஸ்ஸில் படித்தேன். பக்கத்து சீட்டு அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். ஐந்துக்கு ஐந்து! கடைசி ஷாட்டைப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர், “நீ பாத்தியா, நீ பாத்தியா” என்று கேட்டுக்கொண்டு அலைகிறார்கள். பாதிப் பேருக்குத் தெரிகிறது, பாதிப் பேர் அவர்களைப் பைத்தியம் என்கிறார்கள். நம் படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏணியைப் பற்றி ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அதிகாரத்தின் படிநிலையாம். பதினொரு ஷாட்டையும் எண்ணியிருக்கிறார். இரட்டைக் கண்ணாடி சிரித்துச் சிரித்து இரண்டு கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார்.

சைக்கிள் மணியை எடுத்தாயா? அன்று ஸ்டேஷனில் நான் கொடுத்த கேமரா சும்மா இருக்கக்கூடாது.

அம்மாவிடம் அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டாயா?

வாண்டு

*

ஜூன் 9

ஏணி,

மணியை எடுத்தேன். இரண்டு தடவை சொதப்பி மூன்றாவதில் வந்தது. அனுப்புகிறேன், பார்த்துவிட்டு உளறாமல் கருத்துச் சொல்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. டிஸ்கைப் போட்டேன், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஏழாவது ரீலிலிருந்து ஒரே புலம்பல், “அந்த ஏணிய யாராவது ஓரமா எடுத்து வைங்களேன், தட்டி விழுந்துடப் போறா.” கதாநாயகியை அழைத்துக்கொண்டு போனார்கள். காரிடார் வந்தது. நான் மனசுக்குள் விநாடியை எண்ண ஆரம்பித்தேன். ஏழெட்டு விநாடிகூட ஆகவில்லை. உனக்கு இருபத்தைந்து, அம்மாவுக்கு எட்டு.

“ஏய்,” என்றாள். “உங்கப்பாடி.”

“எங்கேம்மா? ஒண்ணும் தெரியலையே.” வேண்டுமென்றேதான் கேட்டேன்.

“கண்ண எங்க வெச்சிருக்க? அதோ, கதவுகிட்ட. யார் கோட்டு அது, தோள்ல நிக்கவே இல்ல.” பிறகு அவர் கால் மாற்றினார். அம்மா முன்னால் சாய்ந்து திரையைப் பார்த்துக் கையை நீட்டினாள். “முட்டி வலிக்குதுடி அவருக்கு. எவ்வளவு நேரம் நிக்க வெப்பீங்க? உக்காரச் சொல்லுங்களேன்.”

படம் முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், உன் சீட்டு உட்பட. அம்மா உன்னைத் திட்டினாள், பிறகு என்னைத் திட்டினாள், பிறகு அப்பாவை. “என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல பாரு அந்த மனுஷன்” என்றாள். தினமும் சாப்பிட்ட பிறகு அந்த நாற்பது விநாடியை மட்டும் போடச் சொல்கிறாள். நான் போடுகிறேன்.

மன்னித்தாயா என்று கேட்காதே என்றேன், நீயும் கேட்கவில்லை, அதைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு. நான் குளிக்கப் போகமாட்டேன்.

அக்கா